343 வாக்குகளில் வந்த வேட்பாளர்

கேள்வி: அமெரிக்காவில் கவர்னர் (நம்மூர் முதல்வர் மாதிரி) வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. பிரைமரி தேர்தல் வைத்து மக்களே முடிவு செய்கிறார்கள். இதைவிடச் சிறந்த ஜனநாயகம் உண்டா?

பதில்: மக்களே என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எப்படி? எந்த மக்கள்? சூட்சுமமே அதில்தான் இருக்கிறது.

கன்சாஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். 2018 ஆகஸ்டில் குடியரசுக் கட்சியின் பிரைமரி நடந்தது. அப்போதைய கவர்னர் ஜெஃப் காலியர், மாநிலச் செயலாளர் கிறிஸ் கோபாக் உள்பட 7 பேர் போட்டி. அந்த மாநிலத்தில் தேர்தலை நடத்தும் பொறுப்பே மாநிலச் செயலாளருடையதுதான்! முதல் நாள் எண்ணிக்கையில் கோபாக் 191 வாக்கு முன்னிலை. மறுநாள் பார்த்தால், தாமஸ் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) காலியருக்கு விழுந்த 522 வாக்குகள் மாநில இணையதளத்தில் 422 என்று ஏறியிருந்தன. அதன்பிறகுதான் கோபாக் தேர்தல் பொறுப்பைத் துணை அதிகாரியிடம் விட்டுவிட்டு ஒதுங்கினார். கடைசியில் 343 வாக்கு வித்தியாசத்தில் அவரே வேட்பாளர் ஆனார்.

அவர் வாங்கியது 41 சதவீதம்கூட இல்லை. இரண்டாம் சுற்றெல்லாம் அங்கே கிடையாது, முதலில் வந்தவர்தான் வேட்பாளர். வாக்காளராகப் பதியும்போது ஜனநாயகக் கட்சிக்காரர் என்று பதிந்தவர்கள் இதில் வாக்களிக்க முடியாது. சரி, கட்சி மாறிப் பதிந்துகொண்டு வரலாமா என்றால், ஜூன் 1-க்குப் பிறகு அதற்கும் வழியில்லை. எந்தக் கட்சியிலும் சேராதவர்கள் மட்டும் வாக்குச்சாவடியிலேயே கட்சியில் பதிந்துகொண்டு வாக்களிக்கலாம். ஆக, நவம்பர் பொதுத்தேர்தலில் பத்து லட்சத்துக்கும் மேல் வாக்கு விழுந்த மாநிலத்துக்கு இந்த வேட்பாளரைக் கொடுத்தவர்கள் ஏறக்குறைய 1 லட்சத்து 28 ஆயிரம் பேர். தலைமைக்கு வேலையே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். வாக்குப்பதிவுக்கு முதல் நாள் கோபாக்குக்கு ஆதரவு தெரிவித்து ட்வீட் போட்டவர் அதிபர் ட்ரம்ப்.

நவம்பரில் என்ன ஆயிற்று? 2016-ல் ட்ரம்ப் சுமார் 20 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்த அதே கன்சாஸில், ஜனநாயகக் கட்சியின் லாரா கெல்லி கவர்னர் ஆனார். குடியரசுக் கட்சியின் முன்னாள் கவர்னர் பில் கிரேவ்ஸே கெல்லிக்குத்தான் ஆதரவு கொடுத்திருந்தார்.

வாஷிங்டன் மாநிலத்தில் வேறு ஏற்பாடு. அங்கே எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே வாக்குச்சீட்டில், யார் வேண்டுமானாலும் யாருக்கும் வாக்களிக்கலாம். முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பரில் மோதுவார்கள், இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும். இது 2004-ல் வாக்காளர்களே வாக்கெடுப்பில் கொண்டுவந்த சட்டம். இதைத் தடுக்க நீதிமன்றத்துக்கு ஓடியவர்கள் யார் தெரியுமா? நீங்கள் மெச்சுகிற அதே கட்சிகள்தான். 2008-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் வாதத்தை ஏற்கவில்லை.