ஜின்செங் வாங்குமுன்: எந்த வேர், எவ்வளவு, யாருக்கு ஆகாது

கேள்வி (சிங்கப்பூர்): சீன மருந்துக்கடையில் ஜின்செங் என்று நாலைந்து ஜாடி வைத்திருக்கிறார்கள். விலையோ ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். வீட்டுக்கு எதை வாங்குவது?

பதில்: விலை கேட்கும் முன், எந்தச் செடியின் வேர் என்று கேளுங்கள். ஜாடிகளில் பெரும்பாலும் இரண்டு செடிகள்தான்.

முதலாவது பானாக்ஸ் ஜின்செங். கொரியாவிலும் வடகிழக்குச் சீனாவின் ஜிலின் மாகாணத்திலும் பயிராகிறது. தோண்டிக் கழுவி அப்படியே உலர்த்தினால் வெள்ளை ஜின்செங். ஆவியில் வேகவைத்து உலர்த்தினால் சிவப்பு. சீன மருத்துவக் கணக்கில் இது சூடு, சிவப்பு இன்னும் சூடு.

இரண்டாவது பானாக்ஸ் குவின்குவிஃபோலியஸ், அமெரிக்க ஜின்செங். அமெரிக்காவின் விஸ்கான்சினிலும் கனடாவின் ஒண்டாரியோவிலும் பயிராகிறது. கடையில் 'பாவ் ஷென்' அல்லது 'சி யாங் ஷென்' என்பார்கள். இது குளிர்ச்சி. வெயிலுக்கும் இரவுக் கண்விழிப்புக்கும் சிங்கப்பூர், மலேசியச் சீனர் வீடுகளில் போட்டுக் குடிப்பது பெரும்பாலும் இதைத்தான்.

அதே ஜாடி வரிசையில் உருண்டையாக, கல் போன்று கெட்டியாக இருப்பது தியன்ச்சி. பானாக்ஸ் குடும்பம்தான் என்றாலும் அடிபட்ட வீக்கம், இரத்தக்கசிவு இவற்றுக்கான மருந்து. தெம்புக்கென்று தினமும் குடிக்க வாங்காதீர்கள். டாங் ஷென் வேறு செடி, விலை மிகவும் குறைவு. கோழி சூப்பில் மணத்துக்கும் இனிப்புக்கும் போடத்தான் என்றால் அதுவே போதும். நல்ல ஜின்செங்கை ஒரு பானை சூப்பில் கரைப்பது காசைக் கரைப்பதுதான்.

விலைச்சீட்டு கிராமுக்கா தாஹிலுக்கா (சுமார் 38 கிராம்) என்று பாருங்கள். வேரை எடை போட்டு, பில் போட்ட பிறகு, உங்கள் கண்முன் சீவச் சொல்லுங்கள். சீவியதை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது.

கேள்வி (பினாங்கு): கொரியச் சிவப்பு ஜின்செங் டப்பாவில் 20 என்று ஒன்று, 40 என்று ஒன்று. போதாததற்கு 'வானம்', 'பூமி', 'நல்லது' என்று தரம் வேறு. கூடுதல் விலைக்குக் கூடுதல் பலன் உண்டா?

பதில்: அந்த எண், 600 கிராமுக்கு எத்தனை வேர் என்ற கணக்கு. 20 என்றால் ஒரு வேர் சராசரியாக 30 கிராம், 40 என்றால் 15 கிராம். எண் குறையக் குறைய வேர் பெரிது, விலையும் பெரிது. வானம், பூமி, நல்லது என்பவை வேரின் வடிவத்தையும் உட்புறத்தையும் பார்த்துப் பிரிப்பவை: உள்ளே பொந்தோ வெளுத்த நடுப்பகுதியோ இல்லாமல் கெட்டியாக இருந்தால் மேல்தரம். 

வானம் என்பதால் மருந்து இரட்டிப்பாகிவிடாது. கூடுதல் பணம் பெரும்பாலும் அழகுக்கும் அரிதென்ற பெயருக்கும் போகிறது. பெரியவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க என்றால் சரி. சொந்த உபயோகத்துக்குச் சிறிய வேர் வாங்குங்கள், இல்லையென்றால் சல்லிவேர். ஜின்செங்கின் முக்கியப் பொருளான ஜின்செனோசைடு, கிராமுக்குக் கிராம் பார்த்தால் நடுவேரைவிடச் சல்லிவேரில்தான் அதிகம். கசப்பும் அதிகம், விலை மலிவு.

கேள்வி (சென்னை): ஆன்லைனில் 'இந்தியன் ஜின்செங்', 'சைபீரியன் ஜின்செங்' பொடிகள் மலிவாக வருகின்றனவே?

பதில்: முதலாவது நம் அமுக்கரா. நல்ல மூலிகைதான், ஜின்செங் அல்ல. நாட்டு மருந்துக்கடையில் அதன் சொந்தப் பெயரிலேயே வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது எலூதரோ என்ற வேறு செடி. பானாக்ஸ் அல்லாத எதையும் ஜின்செங் என்று விற்கக்கூடாது என அமெரிக்கா 2002-லேயே சட்டம் போட்டுவிட்டது. லேபிளில் 'பானாக்ஸ்' என்ற சொல்லைத் தேடுங்கள். உணவுப் பொருளாக இறக்குமதியானது என்றால் இறக்குமதியாளர் முகவரியும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்க வேண்டும். பொடியாக வாங்குவதையே தவிர்ப்பது நல்லது. பொடித்துவிட்டால் எந்த வேர் என்று கண்ணால் சொல்ல முடியாது.

கேள்வி (ஈப்போ): போலி வேரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: குறுக்கே வெட்டிய துண்டைப் பாருங்கள். அசல் ஜின்செங்கில் ஓரத்தை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு வளையம்தான் தெளிவாகத் தெரியும். உள்ளே உள்ளே பல வளையங்கள் தெரிந்தால் அது வேறு வேர். அந்திமந்தாரைக் கிழங்கையும், ஷாங் லூ என்ற நச்சு வேரையும் ஜின்செங் என்று விற்றதுண்டு. இரண்டிலும் வளையம் பல. ஷாங் லூ வாந்தி, பேதி என்று ஆளைக் கிடத்திவிடும். அதனால் பல வளையம் கண்டால் சுவைத்துப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

ஒரே வளையம் என்றால் சிறு சீவலை மெல்லுங்கள். கசப்பு முதலில் வந்து, பின் இனிப்பு நாக்கில் நிற்க வேண்டும். முதலிலேயே சர்க்கரை இனிப்பாக, கையில் பிசுபிசுப்பாக இருந்தால் எடை கூட்டப் பாகில் ஊறவைத்தது. சப்பென்று, எடையில்லாமல் இருந்தால் சாறு எடுத்துவிட்டு மறுபடி உலர்த்திய சக்கை. வெள்ளைவெளேரென்று புளிப்பு நெடி அடித்தால் கந்தகப் புகை போட்டது. 'காட்டு ஜின்செங்' என்று சொன்னால் நம்பாமல் நகருங்கள். வயது காட்டும் தலைப்பகுதியை ஒட்டவைப்பது பழைய கைவேலை.

மாத்திரை, காப்ஸ்யூல் என்றால் மலேசியாவில் MAL எனத் தொடங்கும் பதிவு எண்ணைச் சரிபாருங்கள்.

கேள்வி (கோலாலம்பூர்): எவ்வளவு, எப்படிப் போடுவது?

பதில்: சமையலறைத் தராசு வேண்டும், சீவலை எண்ணிப் போட்டால் அளவு தப்பும். சீன மருந்தியல் நூல் பானாக்ஸ் ஜின்செங்குக்கு நாளுக்கு 3 முதல் 9 கிராம், அமெரிக்க வகைக்கு 3 முதல் 6 கிராம் என்கிறது. அது வைத்தியர் நாடி பார்த்துக் கொடுக்கும் கஷாய அளவு. ஜெர்மனியின் மூலிகை ஆணையம் சொன்னது நாளுக்கு 1 முதல் 2 கிராம், மூன்று மாதம் வரை. தானாக வாங்கிக் குடிப்பவர்களுக்கு இந்த ஜெர்மன் அளவுதான் பொருந்தும்.

வேர் கெட்டியாக இருந்தால் சில நிமிடம் ஆவியில் காட்டி மெல்லிசாகச் சீவுங்கள். 2 கிராமை மூடியுள்ள பீங்கான் கிண்ணத்தில் 200 மில்லி வெந்நீரோடு போட்டு, கிண்ணத்தைத் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் இறக்கிச் சிறுதீயில் ஒரு மணி நேரம் விடுங்கள். வெளித்தண்ணீர் வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நேரடித் தீயில் வைத்தால் இவ்வளவு கொஞ்சம் நீர் சுண்டி அடிப்பிடித்துவிடும். மற்ற மூலிகைகளோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் விலையுயர்ந்த சாற்றைச் சக்கை குடித்துவிடும். அதே சீவலை இன்னொரு முறை வேகவைத்து, பிறகு மென்று தின்னலாம்.

காலையில் குடியுங்கள். மாலையில் குடித்தால் பலருக்குத் தூக்கம் போகும். காய்ச்சல், சளி இருக்கும்போது நிறுத்திவிடுவது சீனர் வழக்கம். முள்ளங்கி சேர்த்தால் பலன் போகும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். நிரூபணம் இல்லை, ஆனால் ஒரு நாள் முள்ளங்கி சாம்பார் இல்லாமல் போனால் குடி முழுகாது.

கேள்வி (கிள்ளான்): அப்பாவுக்கு வயது 72. சர்க்கரைக்கு மாத்திரையும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினும் சாப்பிடுகிறார். தெம்புக்கு ஜின்செங் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இரத்தம் கசியும் என்றுதான் பலர் பயப்படுவார்கள். இங்கே ஆபத்து எதிர்ப்பக்கத்திலும் இருக்கிறது. அமெரிக்க ஜின்செங் வார்ஃபரினின் வேகத்தைக் குறைப்பதாக 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது. அளவு பார்த்துக் கொடுத்த மாத்திரை போதாமல் போய் இரத்தம் உறையலாம். ஏற்கெனவே குடித்துவருகிறார் என்றால் மருத்துவரிடம் சொல்லி, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பாருங்கள், சட்டென்று நிறுத்தினாலும் அந்த எண் மாறும்.

சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், கண்ணிருட்டல் வரலாம். இமாட்டினிப் என்ற புற்றுநோய் மருந்தோடு சேர்ந்து ஈரல் பாதித்ததாகவும் பதிவு உண்டு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டாம். அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே நிறுத்த வேண்டும். மயக்க மருந்து கொடுப்பவர் "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்கும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி (ஜொகூர்): வாங்கி வைத்ததில் வண்டு விழுந்துவிட்டது. கழுவி வெயிலில் வைத்தால் போதுமா?

பதில்: போதாது, தூக்கிப் போட்டுவிடுங்கள். அடுத்த முறை 100 கிராமுக்கு மேல் வாங்காமல், காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் ஈரம் உறிஞ்சும் பையோடு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல், புட்டி அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். குளிர்ந்த வேரில் நீர் கோத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.