வீதியில் யாருக்கு முதலிடம்? வாசகர் கேள்வி – பதில்

வீதி ஒழுங்கு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் மஞ்சள் கோடு, அதாவது பாதசாரிக் கடவை, பற்றியவை. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறோம்.

கொழும்பின் காலி வீதியில் மஞ்சள் கோட்டில் ஆட்கள் நின்றால் நான் காரை நிறுத்திவிடுவேன். ஆனால் எனக்கு வலப்பக்கத்தால் வரும் வேனோ பைக்கோ நிற்பதில்லை. சிலர் மயிரிழையில் தப்பியிருக்கிறார்கள். "நீங்கள் நிறுத்துறதாலதான் அந்தச் சனம் நடுவில போய் மாட்டுது" என்கிறார் மனைவி. நிறுத்துவது பிழையா?
– வெள்ளவத்தை வாசகர்

நிறுத்துவது பிழையில்லை. கடவையில் கால் வைத்தவருக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் உங்கள் மனைவி சொல்வதையும் தள்ளிவிட முடியாது. கடவை விபத்துகளில் மோசமான வகை ஒன்று இது: ஒருவர் நிற்பார், அடுத்த லேனில் வருபவர் நிற்கமாட்டார்.

கணக்கைப் பாருங்கள். 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீட்டர் ஓடும். ஆளைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே ஒரு செக்கன் போய்விடும். அதன்பின் காய்ந்த வீதியிலும் நிற்பதற்கு இன்னொரு 14 மீட்டர் வேண்டும். மொத்தம் 28 மீட்டர். மழை பெய்திருந்தால் 38 மீட்டருக்குக் குறையாது. நீங்கள் கோட்டை ஒட்டிக் காரை நிறுத்தினால், கடப்பவர் உங்கள் பொனட்டைத் தாண்டும் வரை வலப்பக்க வேன்காரருக்குத் தெரியமாட்டார். தெரிந்த அரைச் செக்கனில் கடப்பவர் வேனின் லேனுக்குள் இருப்பார். எவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் பயனில்லை.

ஆகவே விஷயம் எங்கே, எப்படி நிறுத்துகிறீர்கள் என்பதில் இருக்கிறது. கடவைக்கு முன்னாலுள்ள நிறுத்தக் கோட்டில் நில்லுங்கள். அது அழிந்துபோயிருந்தால் ஒரு கார் நீளம், அதாவது 4 மீட்டர், பின்னுக்கே நில்லுங்கள். அந்த இடைவெளியால்தான் பக்கத்து லேன்காரர் ஆளை முன்கூட்டியே காண்கிறார். 40, 50 மீட்டர் தூரத்திலேயே அக்ஸிலரேட்டரை விட்டு, கண்ணாடிகளைப் பார்த்து, பிரேக்கை மெல்லத் தொடுங்கள். பின் விளக்கு இரண்டு மூன்று செக்கன் எரிந்தால்தான் முதுகோடு ஒட்டி வரும் பஸ்காரருக்கு விஷயம் புரியும். கடைசி நேரத்தில் சடாரென்று நிறுத்தினால் அவர் உங்களைத் தவிர்க்க வலப்பக்கம் வெட்டுவார். கடப்பவர் இருப்பதோ அந்தப் பக்கம்தான்.

இன்னொன்று, நம் வண்டிகளில் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருப்பது இந்த விஷயத்தில் பெரிய வசதி. ஜன்னலால் வலக்கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மேலும் கீழும் அசையுங்கள். லைசென்ஸ் எழுத்துப் பரீட்சைக்குப் படித்து மறந்த அந்தக் கைச் சைகை, பின்னால் வலப்பக்கமாக வருபவரின் கண்ணுக்கு நேரே படும். இடப்பக்கத்தில் ஒரு மீட்டர் இடம் விட்டு நிற்காதீர்கள். பைக் அதற்குள் நுழைந்துவிடும்.

கடைசியாக, "வாங்கோ, வாங்கோ" என்று கையசைத்து ஆளைக் கூப்பிடாதீர்கள். உங்கள் லேனுக்கு மட்டும்தான் நீங்கள் பொறுப்புச் சொல்ல முடியும். உங்கள் கையை நம்பி அவர் மற்ற லேனையும் பார்க்காமல் நடப்பார். வலப்பக்கக் கண்ணாடியில் யாராவது வேகமாக வருவது தெரிந்தால் உள்ளங்கையைக் காட்டி ஆளைத் தடுங்கள். அந்த இடத்தில் அதுதான் மரியாதை.

பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிப் போகிறேன். கடவை இருந்தும் பயமாக இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
– பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு தாய்

மேலே சொன்னதைக் கடப்பவர் பக்கமிருந்து பாருங்கள். முதல் வண்டி நின்றுவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. அதன் வலப்பக்க மூலை வரை நடந்து, அங்கே நின்று, தலையை நீட்டி அடுத்த லேனைப் பாருங்கள். வருபவரின் முகத்தைப் பார்ப்பதைவிடச் சில்லைப் பார்ப்பது நல்லது. சில்லு சுற்றுவது குறைந்தால்தான் அவர் நிற்கப்போகிறார். வெயிலில் முன் கண்ணாடி பளபளக்கும்போது முகம் எப்படியும் தெரியாது.

வீதியின் முதல் பாதியில் வண்டிகள் வலப்பக்கமிருந்து வரும்; நீங்கள் பிள்ளைக்கு வலப்பக்கம் இருங்கள். நடுத்திட்டு இருந்தால் அதில் நின்று பக்கம் மாறிக்கொண்டு மற்றப் பாதியைத் தனி வீதியாக நினைத்துக் கடங்கள். ஒருவழிப் பாதையிலும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். எதிர்த்திசையில் வரும் பைக்குக்கும் சைக்கிளுக்கும் கொழும்பில் பஞ்சமில்லை.

பஸ்ஸால் இறங்கியவுடன் அதன் முன்னால் குறுக்கே போவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. உயரத்தில் இருக்கும் பஸ் சாரதிக்கு மூக்கோடு ஒட்டி நடக்கும் சின்னப் பிள்ளை தெரியாது. பஸ்ஸை முந்தி வருபவருக்கு நீங்கள் இருவருமே தெரியமாட்டீர்கள். பஸ் போகும் வரை நில்லுங்கள். போவது ஒரு நிமிடம்தான். மழையில் குடையைச் சாய்த்துப் பிடித்தால் வலப்பக்கம் மறையும். கடக்கும் அந்தச் சில செக்கன்கள் நனைந்தால் பரவாயில்லை.

என் அப்பாவுக்கு வயது 78. சிக்னலில் பச்சை ஆள் எரியும் நேரத்துக்குள் அவரால் கடக்க முடிவதில்லை. நடுவில் நிற்கும்போது எல்லோரும் ஹோர்ன் அடிக்கிறார்கள்.
– பொரளை வாசகி

நான்கு லேன் வீதி ஏறத்தாழ 14 மீட்டர் அகலம். சாதாரணமாக நடப்பவர் ஒரு செக்கனுக்கு 1.2 மீட்டர் போவார். 12 செக்கனில் கடந்துவிடுவார். வயதானவர் 0.8 மீட்டர்தான் போவார் என்றால் 17, 18 செக்கன் தேவை. அந்த இடைவெளிதான் உங்கள் அப்பாவின் பிரச்சினை. அவர் சோம்பேறியும் இல்லை, சாரதிகள் எல்லோரும் கல்நெஞ்சரும் இல்லை.

ஏற்கனவே எரிந்துகொண்டிருக்கும் பச்சையில் இறங்க வேண்டாம். சிவப்பு வரவிட்டு, அடுத்த பச்சை எரிந்த முதல் செக்கனில் தொடங்கட்டும். நடுத்திட்டு உள்ள கடவை சற்றுத் தள்ளி இருந்தாலும் அதையே பாவியுங்கள். பாதிப் பாதியாகக் கடக்கலாம். மாலை ஆறு மணிக்குப் பின் வெள்ளை அல்லது வெளிர் நிறச் சட்டை நல்லது. சாரதிகளுக்கு ஒரு வார்த்தை: பச்சை விழுந்தது ஆள் இல்லாத வீதிக்குத்தான். நடுவில் நிற்கும் முதியவருக்கு ஹோர்ன் அடித்தால் அவர் வேகமாக நடக்கமாட்டார், தடுமாறுவார்.

லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்து கார் ஓட்டுகிறேன். எதிரே வந்தவர் ஹெட்லைட் அடித்தார். வழிவிடுகிறார் என்று நினைத்துத் திருப்பினேன். அவர் நேரே வந்து திட்டிவிட்டுப் போனார்!
– கொட்டாஞ்சேனையில் தங்கியிருக்கும் வாசகர்

அங்கே பலர் "நீ போ" என்று அடிப்பார்கள். இங்கே பெரும்பாலும் "நான் வாறேன், நில்" என்று அர்த்தம். எதிரே பஸ் விளக்கை அடித்துக்கொண்டு வந்தால் சந்தேகமே வேண்டாம். சிலர் இங்கேயும் வழிவிட அடிக்கிறார்கள் என்பதுதான் சிக்கல். வேகத்தைப் பாருங்கள்: வண்டி நின்றுவிட்டோ நிற்கப்போகிற மாதிரியோ இருந்தால் மட்டும் திரும்புங்கள். அவரையும் தாண்டி, அவருக்கு இடப்பக்கத்தால் பைக் வருகிறதா என்று பார்த்த பிறகு திரும்புங்கள். லொறிக்காரர் இடது சிக்னல் போட்டு "முந்திக்கொள்" என்று சொல்வதும் இதே ரகம். அவர் உண்மையிலேயே இடப்பக்கம் ஒதுங்கப்போகிறாரா, உங்களுக்கு வழிசொல்கிறாரா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். முன்னால் வீதி வெறுமையாக இருப்பதை உங்கள் கண் காணாத வரை முந்தாதீர்கள்.

சந்தியில் நேரே போகும்போது டபுள் சிக்னல் போடுவது நல்ல பழக்கம் என்று பழக்கியவர் சொன்னார். சரியா?
– மட்டக்குளி வாசகர்

பிழை. ஐந்துலாம்புச் சந்தி போன்ற இடத்தில் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வருபவருக்கு உங்கள் இடது விளக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் இடப்பக்கம் திரும்புகிறீர்கள் என்று நினைத்து வெளியே வருவார். வலப்பக்கத்தில் நிற்பவர் நீங்கள் வலப்பக்கம் திரும்புவதாக நினைப்பார். நேரே போவதற்குச் சிக்னலே இல்லை. டபுள் சிக்னல் பழுதாகி நிற்கும் வண்டிக்கு.

எங்கள் தொடர்மாடி இருக்கும் ஒழுங்கையிலிருந்து காலி வீதிக்கு ஏறுவதே பெரும்பாடு. பின்னால் ஹோர்ன் வேறு. யாருக்கு முதலிடம்?
– வெள்ளவத்தை வாசகி

முதலிடம் நடைபாதையில் நடப்பவருக்கு, அடுத்தது பெருவீதியில் ஓடும் வண்டிக்கு, கடைசி உங்களுக்கு. இந்தத் திருப்பத்தில் ஒரு பொறி இருக்கிறது. இடப்பக்கம் திரும்புபவர் வண்டிகள் வரும் வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். இடைவெளி கிடைத்ததும் தலையைத் திருப்பாமலே பிரேக்கை விடுவார். அந்த நேரம் பார்த்து இடப்பக்கத்திலிருந்து மரக்கறிப் பையோடு ஒரு அம்மா பொனட்டுக்கு முன்னால் நடந்து வருவார்.

இரண்டு தடவை நில்லுங்கள். முதலில் நடைபாதை தொடங்கும் இடத்துக்கு முன், நடப்பவர்களைப் போகவிடுங்கள். பிறகு ஊர்ந்து போய் வீதி விளிம்பில். வலப்பக்கம் இடைவெளி கண்டபின், பிரேக்கை விடும் முன் ஒரு தடவை இடப்பக்கம் பாருங்கள். பின்னால் ஹோர்ன் அடிப்பவருக்கு நீங்கள் பார்ப்பது தெரியாது, அடித்துவிட்டுப் போகட்டும். அவசர நேரத்தில் இந்த ஒழுங்கைகளால் வலப்பக்கம் திரும்பப் பார்ப்பது வீண். இடப்பக்கம் ஏறி, முன்னால் வசதியான சந்தியில் திரும்பி வருவது பெரும்பாலும் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

லிபர்ட்டி சுற்றுவட்டம் போன்ற இடங்களில் பெரிய வண்டிக்குத்தான் வழியா?
– கொள்ளுப்பிட்டி வாசகர்

சட்டப்படி வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கும் ஏற்கனவே வட்டத்துக்குள் இருப்பவருக்கும் வழி. பொலிஸார் நின்று மறித்தால் அவர் கைதான் சட்டம். வெளியேறும் வாயிலுக்கு முந்திய வாயிலைத் தாண்டியதும் இடது சிக்னல் போடுங்கள். அதைப் போடாததால்தான் உள்ளே வரக் காத்திருப்பவர் வீணாக நிற்கிறார், பிறகு பொறுமையிழந்து மூக்கை நுழைக்கிறார். பஸ் வழிவிடாமல் வந்தால் விட்டுவிடுங்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் நொருங்குவது உங்கள் கதவு.

நாங்க ஓட்டோக்காரங்க என்டா எல்லாருக்கும் இளக்காரம். எல்லாப் பிழையும் எங்க தலையிலதான். நீங்களும் அப்படித்தான் எழுதுவீங்களா அண்ணே?
– மருதானை, ஓட்டோ சாரதி

இல்லைத் தம்பி. நகருக்குள் உங்களுக்கு வேக எல்லை 40, காருக்கு 50. நீங்கள் சட்டப்படி ஓடும்போது பின்னால் ஹோர்ன் அடிப்பவர்தான் பிழை. ஆனால் மூன்று விஷயத்தில் குறை சொல்லத்தான் வேண்டும். கையைக் காட்டிய ஆளுக்காகக் கடவையின் மேலேயே நிறுத்துவது, கடப்பவரை மறைத்துவிடுகிறீர்கள். சிக்னலும் போடாமல் இடது ஓரத்திலிருந்து ஒரே வீச்சில் வீதி முழுவதும் குறுக்காகத் திருப்புவது. முன்சில்லு ஒன்று என்பதால் திருப்பத்தின் நடுவே பிரேக்கை அழுத்தினால் வண்டி சரியும். வேகத்தைத் திருப்புவதற்கு முன்பே குறைக்க வேண்டும். மூன்றாவது, ஆட்களை வலப்பக்கத்தால் இறங்கவிடுவது. இதில் பயணிகளுக்கும் பங்குண்டு.

அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய் வழிவிடலாமா?
– தெமட்டகொடை வாசகர்

சந்திக்குள் பாய வேண்டாம். முடிந்தளவு இடப்பக்கம் ஒதுங்கி, சிக்னலைப் போட்டு நில்லுங்கள்.  அம்புலன்ஸ் போனபின் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுபவர்களால்தான் அடுத்த விபத்து. விபத்தைக் கண்டால் அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. தலைக்கவசம் போட்டபடி விழுந்தவரின் கவசத்தை நீங்களே இழுத்துக் கழற்றாதீர்கள். கழுத்தில் அடி இருக்கலாம்.

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கிறோம். சாமான் இறக்க வரும் லொறி பின்னுக்கு எடுக்கும்போது மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரின் கைவண்டிகளோடு தினமும் சண்டை. யார் விலக வேண்டும்?
– புறக்கோட்டை வியாபாரி

பின்னுக்கு எடுப்பவருக்கு எந்த இடத்திலும் முதலிடம் இல்லை. மூட்டை ஏற்றிய கைவண்டியை நினைத்தவுடன் நிறுத்த முடியாது. சரிவில் அது ஆளையே இழுத்துக்கொண்டு போகும். லொறிதான் நிற்க வேண்டும். கிளீனர் இறங்கி, சாரதியின் வலப்பக்கக் கண்ணாடியில் தன் முகம் தெரியும்படி நின்று வழிகாட்ட வேண்டும். நேர் பின்னால் நின்று "வா, வா" என்று கத்துபவரைச் சாரதி காண்பதில்லை. சுவருக்கும் லொறிக்கும் நடுவே நசுங்குவது அவர்தான். சாமான் இறக்குவதைக் காலை சனம் கூடுவதற்கு முன் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். அதை லொறிக்காரரிடம் அல்ல, சாமான் அனுப்புபவரிடம் பேசுங்கள்.

நிறுத்திய காரின் கதவைத் திறக்கும்போது பைக் மோதினால் யார் பிழை?
– கிருலப்பனை வாசகர்

கதவைத் திறந்தவர். வலப்பக்கக் கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பி, பின்னால் வருவது கண்ணில் படும். பின் இருக்கையில் வலப்பக்கம் இருக்கும் பிள்ளைகளை இடப்பக்கம் நகர்ந்து இறங்கச் சொல்லுங்கள்.