வயர் இணைக்காத மின்முனையால் என்ன பயன்?

“இருமுனை மின்வேதியியலுக்கு நடைமுறைப் பயன் உண்டா, இல்லை ஆய்வுக்கட்டுரை போட மட்டும்தானா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கரைசலில் வயர் தொடாமல் கிடக்கும் ஒரு கடத்தியின் இரு முனைகளிலும், வெளியிலிருந்து கொடுக்கும் மின்புலத்தால் எதிரெதிர் வினைகளை நடத்துவதுதான் இருமுனை மின்வேதியியல். எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு இந்தத் தலைப்பு கிடைத்துக் குழம்பியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் கேட்டதும் இதே கேள்விதான். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

நான் செய்தது மிக எளிய சோதனை. பெட்ரித் தட்டில் சோடியம் சல்பேட் கரைசல், காரத்தில் இளஞ்சிவப்பாகும் பினாப்தலீன் சில துளி, 6 செ.மீ. இடைவெளியில் பவர் சப்ளையோடு இணைத்த இரண்டு மின்முனைகள், நடுவே எந்த வயரும் தொடாமல் 2 செ.மீ. கிராஃபைட் குச்சி. முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மின்னோட்டம் நன்றாகப் பாயட்டும் என்று உப்பை அள்ளிப் போட்டிருந்தேன். கரைசல் சூடானது, பவர் சப்ளை வரம்பைத் தொட்டு வோல்ட்டேஜ் இறங்கியது, குச்சி சும்மா கிடந்தது. அப்புறம் 5 மில்லிமோலாராகக் குறைத்து 30 வோல்ட் கொடுத்தேன். செ.மீ.க்குச் சுமார் 5 வோல்ட் என்றால் குச்சியின் இரு முனைகளுக்கிடையே ஏறக்குறைய 10 வோல்ட். நீரைப் பிரிக்க அது தாராளம். நேர்மின்முனையைப் பார்த்திருந்த முனையில் குமிழிகளோடு இளஞ்சிவப்பு மேகம் எழுந்தது. அங்கேதான் நீர் ஒடுக்கமடைந்து (எலெக்ட்ரான் ஏற்று) காரம் உண்டாகிறது; குச்சியின் எதிர்மின்வாய் அந்த முனைதான். லேபில் தனியாக நின்று கைதட்டினேன்.

குச்சி சின்னதானால் முனைகளுக்கிடையே அதே மின்னழுத்த வேறுபாட்டுக்கு மின்புலம் கூட வேண்டும். பிரான்சில் போர்தோவில் அலெக்சாண்டர் கூன் குழு கார்பன் நானோகுழாயின் ஒரு முனையில் மட்டும் தங்கம் படிய வைத்தது இந்த வழியில்தான். துகள் ஒவ்வொன்றுக்கும் வயர் பிடிக்க யாரால் முடியும்?

உணர்விக்கு வந்தால், டெக்சாஸ் ஆஸ்டினில் ரிச்சர்ட் குரூக்ஸ் குழு பவர் சப்ளையோடு இணைத்த இரண்டே இயக்கு மின்முனைகளை வைத்து வயரில்லாத ஆயிரம் மின்முனைகளை ஒரே நேரத்தில் இயக்கிக் காட்டியது. அவர்களின் டி.என்.ஏ. உணர்வியில், தேடும் இழை பிளாட்டினம் நானோதுகளோடு ஒரு முனையில் ஒட்டினால் அங்கே ஆக்சிஜன் ஒடுக்கம் வேகமாகிறது. அதற்கு ஈடாக மறுமுனையில் ருத்தேனியம் சேர்மம் ஒளிர்கிறது. கேமரா இருந்தால் போதும், முனைக்கு முனை மின்னோட்டம் அளக்க வேண்டாம்.

“துல்லியத்துக்கு, வயர் இணைத்த வழக்கமான மூன்று மின்முனைக் கலம்தானே?” என்று சிலர் கருத்துப் பெட்டியில் வருவார்கள். சரி, நானும் மறுக்கவில்லை. அந்தக் கலத்தில் மின்முனையின் மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் கருவியான பொட்டென்ஷியோஸ்டாட் போல, வயரில்லாத மின்முனையின் மின்னழுத்தத்தைப் பிடித்து வைக்க முடியாது. மாற்று என்று நான் சொல்லவே இல்லை; பல இடங்களை ஒரே நேரத்தில் பார்க்கவும் மிகச் சிறிய பொருள்களை ஒருபக்கம் மட்டும் மாற்றவும் இது வேறு எதையும்விட வசதி.

அந்த ஒளிர்வை நேரில் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. ருத்தேனியம் உப்புக்கு எழுதிய கொள்முதல் விண்ணப்பம் ஏழு மாதம் மேசை மேசையாகச் சுற்றியது. பாட்டில் லேபுக்கு வந்தபோது என் படிப்பு முடிந்திருந்தது. அது இன்னும் உறுத்துகிறது. நீங்கள் விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.