கழுத்து நீண்ட டைனோசர் எப்படிச் சத்தி எடுத்திருக்கும்?

பிராக்கியோசாரஸ் என்ற டைனோசரின் கழுத்து ஏறத்தாழ 9 மீற்றர். அவ்வளவு உயரத்துக்கு வயிற்றில் இருப்பது எப்படி மேலே வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் வன்னிப் பக்கம் மத்தியானத்தில் பாலை மர நிழலில் படுத்திருக்கும் பட்டி மாட்டின் கழுத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஒரு சின்ன விக்கல் மாதிரி. உடனே தோலுக்கு அடியில் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஓடும். வாய் அசையத் தொடங்கும். இரைமீட்டல் என்பது இதுதான். ஒட்டகச்சிவிங்கி இதையே ஏறக்குறைய 2 மீற்றர் கழுத்தில் நாள் முழுக்கச் செய்கிறது.

கிணறு 25 அடிக்கு மேல் ஆழமானால் மேலே வைத்த வோட்டர் பம்ப் தண்ணீரை இழுக்கத் திணறும். உணவுக்குழாய் அப்படி உறிஞ்சுவதில்லை. ஐஸ் பக்கெற்றை அடியிலிருந்து பிதுக்குவது போல, தசை வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கித் தள்ளுகின்றன. ஒவ்வோர் உருண்டையையும் அதன் கீழுள்ள வளையமே தாங்குவதால், முழுக் கழுத்தின் பாரமும் வயிற்றில் இறங்காது.

சரி, டைனோசர் சத்தி எடுத்ததா? குதிரையால் முடியாது, ஆகவே எல்லா விலங்குக்கும் முடியும் என்று சொல்ல வராது. ஆனால் டைனோசரின் உறவுகளான பறவையையும் முதலையையும் பாருங்கள்: ஆந்தை எலியை விழுங்கி, மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். முதலையும் கக்கும். அதனால் பிராக்கியோசாரஸுக்கும் முடிந்திருக்கும் என்பதே என் ஊகம். அப்புறம், தலையை உயர்த்திக்கொண்டே ஏன் கக்க வேண்டும்? நாய்கூடத் தலையைத் தாழ்த்தித்தானே சத்தி எடுக்கிறது. கழுத்தைக் கிடையாகத் தாழ்த்தினால் ஏற்றமே இல்லை, நீளம் மட்டும்தான்.