அறுவடைக்கு முந்தைய மாதங்களில் ஆப்பிரிக்க விவசாயிகள் பட்டினி கிடப்பது ஏன்? உர மானியம் போதாதா?

போதாது. உரம் விளைச்சலைக் கூட்டும். விளைந்தது அடுத்த அறுவடை வரை வீட்டில் இருக்குமா என்பது வேறு சங்கதி. ஆப்பிரிக்கா முழுவதற்கும் பேச எனக்குத் தகுதியில்லை. மலாவியில் தானியம் வாங்கி விற்கும் நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருந்தேன். அந்த நாட்டை வைத்துச் சொல்கிறேன்.

அங்கே ஒரே மழைக்காலம். நவம்பர் வாக்கில் விதைப்பு, ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை. பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒரு ஹெக்டேருக்கும் குறைவான நிலம், அதில் பெரும்பகுதி மக்காச்சோளம். அதன் மாவைக் கெட்டியாகக் கிளறிச் செய்யும் என்சீமாதான் அன்றாடச் சாப்பாடு. வேறு எதைத் தின்றாலும் அதைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அறுவடை முடிந்ததும் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு விற்க வருவார்கள். விலை அடிமட்டத்தில் கிடக்கும் நேரம் அதுதான். ஆனால் கடன்காரர் காத்திருக்கிறார், பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், வீட்டுக்கு உப்பும் சோப்பும் வேண்டும். கையில் காசாக மாறக்கூடியது இந்த மூட்டை ஒன்றுதான். ஜனவரி, பிப்ரவரியில் அதே சோளம் இரண்டு மடங்கு விலைக்குப் போகும். வாங்க வருபவர்களில் மே மாதம் விற்றவர்களும் இருப்பார்கள். இதையெல்லாம் வியாபாரிகளின் பேராசை என்று ஒரே வரியில் முடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். பேராசை உண்டு, மறுக்கவில்லை. கிடங்கு வாடகை, வங்கி வட்டி, மழையில் சேறாகும் சாலைக்கு லாரிக்காரர் கேட்கும் தொகை ஆகியவையும் உண்டு.

விற்காமல் வைத்திருக்கலாமே என்றால், வண்டு விடாது. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு துளைப்பான் வண்டு 1980களின் தொடக்கத்தில் தான்சானியாவில் தென்பட்டு, அக்கம்பக்க நாடுகளுக்கும் பரவியது. மென்மையான மணி கொண்ட வீரிய ரகங்களை அது சில மாதங்களில் மாவாக்கிவிடும். கெட்டி மணி கொண்ட நாட்டு ரகம் ஓரளவு தாங்கும், ஆனால் விளைச்சல் குறைவு.

இதைவிடப் பெரிய அடி கான்யுவில் விழுகிறது. கான்யு என்றால் அடுத்தவர் நிலத்தில் செய்யும் அன்றாடக் கூலி வேலை. வீட்டில் தானியம் தீரும் டிசம்பர், ஜனவரியில்தான் சொந்தப் பயிருக்குக் களை எடுக்க வேண்டும். அன்றைய சாப்பாட்டுக்காக அடுத்தவர் வயலில் களை எடுக்கப் போவதால் சொந்த வயலைக் களை மூடிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை தேடுவதால் கூலியும் படுத்துவிடும். விளைச்சல் குறைய, அடுத்த ஆண்டு தானியம் இன்னும் முன்னதாகவே தீர்ந்துபோகும்.

அரசு என்ன செய்தது? 2001இல் கையிருப்புத் தானியத்தின் பெரும்பகுதி விற்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டு விளைச்சலும் குறைய, 2002இன் தொடக்கத்தில் பஞ்சம் வந்து மக்கள் செத்தார்கள். 2005இல் விளைச்சல் சுமார் 12 லட்சம் டன்னுக்கு இறங்கியபோது, அதிபர் பிங்கு வா முத்தாரிகா, நன்கொடை நாடுகள் பலவற்றின் தயக்கத்தை மீறி, மானிய விலையில் உரம் வாங்கக் கூப்பன் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தார். மழையும் கைகொடுத்தது. 2007 விளைச்சல் 30 லட்சம் டன்னைத் தாண்டியது என்று அரசு சொன்னது. உலகமே பாராட்ட, ஜிம்பாப்வேக்கு ஏற்றுமதியும் நடந்தது. மறு ஆண்டே உள்நாட்டில் மக்காச்சோள விலை எகிறியது! உபரி அவ்வளவு இருந்திருந்தால் விலை ஏன் ஏற வேண்டும்? அந்தப் புள்ளிவிவரத்தை நான் நம்பவில்லை. ஆய்வாளர்கள் பலரும் நம்பவில்லை. ஆனாலும் வேளாண் அமைச்சகப் பட்ஜெட்டில் பாதிக்கு மேல் உர மானியத்துக்கே போன ஆண்டுகள் உண்டு. உர மூட்டையைக் கையில் கொடுத்தால் வாக்காளருக்குத் தெரியும். வீட்டில் தானியம் தீரும் ஜனவரியில் சாப்பாட்டுக்காகக் கொடுக்கும் கடன் போட்டோவில் விழாது.

எனக்கு நம்பிக்கை தருவது அந்த ஜனவரிக் கடன்தான். மலாவியை ஒட்டிய ஜாம்பியாவின் சிபாட்டா மாவட்டத்தில் ஆய்வாளர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். பட்டினி மாதங்களில் பணமாகவோ மக்காச்சோளமாகவோ சிறு கடன் கொடுத்து, அறுவடைக்குப் பின் திரும்ப வாங்கினார்கள். குடும்பங்கள் கான்யுவுக்குப் போவது குறைந்தது, சொந்த வயலில் உழைப்பும் விளைச்சலும் கூடின, ஊரில் தினக்கூலியும் உயர்ந்தது. பெரும்பாலோர் கடனைத் திருப்பிக் கொடுத்தார்கள். மேற்குக் கென்யாவில் அறுவடை நேரத்தில் கடன் கொடுத்தபோது, விவசாயிகள் தானியத்தை இருப்பு வைத்து விலை ஏறியபின் விற்றார்கள். காற்றுப் புகாத மூன்றடுக்குப் பைகள் இப்போது கிடைக்கின்றன. உள்ளே வண்டு மூச்சின்றிச் செத்துவிடும். சாதாரணச் சாக்கைவிட விலை பல மடங்கு என்பதுதான் சிக்கல்.

உர மானியத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஊட்டம் இழந்த மண், உரம் இல்லாமல் விளையாது. அந்தத் தொகையில் ஒரு பங்கை இந்தக் கடனுக்கும் பைகளுக்கும் திருப்பலாம். வறட்சி ஆண்டில் கடன் திரும்பி வராது. அந்த நஷ்டத்தை அரசோ நன்கொடையாளரோ ஏற்பதாக முன்கூட்டியே எழுதிக் கொடுக்காவிட்டால், எந்த வங்கியும் கிராமத்துப் பக்கம் வராது.