கல்லூரி கவுன்சிலரிடம் பேசினால் வீட்டுக்கும் எச்.ஓ.டி.க்கும் தெரிந்துவிடுமா?

கேள்வி கேட்டவர் அதிகம் எழுதவில்லை. தூக்கம் வருவதில்லை, வகுப்புக்குப் போகப் பிடிக்கவில்லை, கல்லூரியில் கவுன்சிலர் இருக்கிறார், ஆனால் சொன்னதெல்லாம் வெளியே போய்விடுமோ என்று பயம். இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டல், முதல் வருட அரியர் ஒன்றிரண்டு பாக்கி என்று நானாகவே ஊகித்துக்கொள்கிறேன். தப்பாக இருக்கலாம். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் அப்படித்தான்.

நான் மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கவுன்சிலர். எம்.எஸ்சி. உளவியல் படித்தவள். மனநல மருத்துவர் இல்லை, மாத்திரை எழுதித் தர முடியாது. "சைக்காலஜி படிச்சவங்க எல்லாம் டாக்டரா?" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: தெரியக்கூடாது. ஆனால் சில கல்லூரிகளில் தெரிந்துவிடுகிறது. அதனால் போங்கள், ஆனால் போய் உட்கார்ந்ததும் உங்கள் கதையைத் தொடங்குவதற்கு முன்னால், "நான் சொல்றதை யாருகிட்ட எல்லாம் சொல்லுவீங்க மேம்? எதையெல்லாம் எழுதி வைப்பீங்க?" என்று கேட்டுவிடுங்கள். ஒழுங்காகப் பயிற்சி பெற்றவர் இதற்குக் கோபப்பட மாட்டார். நியாயமாகப் பார்த்தால் நீங்கள் கேட்கும் முன்பே அவர் சொல்லியிருக்க வேண்டும். மழுப்பினால், தூக்கம் வரவில்லை, படிப்பில் கவனம் இல்லை என்று மேலோட்டமாக நாலு வார்த்தை பேசிவிட்டு எழுந்து வந்துவிடலாம். ஒன்றும் நஷ்டமில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு என்று சில விலக்குகள் உண்டு. என்னைப் போன்ற கல்லூரி கவுன்சிலருக்கு அந்தச் சட்டம் அப்படியே பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடலாம். வாதாடட்டும். எங்களுக்கு வகுப்பில் முதலில் சொல்லித்தந்த பாடமே ரகசியம் காப்பதுதான், சட்டம் வந்துதான் சொல்ல வேண்டும் என்றில்லை.

இவ்வளவு உறுதியாகப் பேசக் காரணம் இருக்கிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரப்போகிறது என்று எங்கள் கல்லூரியே பரபரப்பாக இருந்த சமயம். மாணவர் ஆதரவு என்பது அவர்கள் பார்க்கும் ஐந்தாவது அளவுகோலில் வருகிறது. அதற்கான ஃபைல் தயார் செய்பவர் என்னிடம் ஒரு படிவம் நீட்டினார். தேதி, மாணவர் பெயர், பதிவெண், துறை, பிரச்சினை, எடுத்த நடவடிக்கை, கடைசியில் மாணவர் கையெழுத்து. கூடவே ஆலோசனை நடக்கும்போது எடுத்த, இடம் பதிவாகியிருக்கும் ஜியோ டேக் போட்டோவும் வேண்டுமாம்! அழுதுகொண்டிருக்கிற பிள்ளையிடம், கொஞ்சம் கேமராவைப் பாரும்மா என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

தர முடியாது என்றேன். மாதத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், பொதுவாக என்ன மாதிரி சிக்கல்கள், எத்தனை பேரை மருத்துவமனைக்கு அனுப்பினேன், இது மட்டும்தான் தருவேன், பெயர் இருக்காது. ஒரு துறைத்தலைவர் முகத்துக்கு நேரே கேட்டார்: "உங்களுக்குச் சம்பளம் கொடுக்கறது யாரு மேடம், பசங்களா?" நான் பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் முதல்வரைப் பார்த்து, பெயர்ப்பட்டியல் ஒரு முறை கைமாறினால் அடுத்த வாரமே பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அது பேச்சாகிவிடும், அதற்கப்புறம் ஒருத்தன்கூட என் அறைப் பக்கம் வரமாட்டான், நீங்கள் வைத்திருக்கும் ஃபைல் காலியாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். கடைசியில் சொன்ன காரணம் அவருக்குப் புரிந்தது. எண்ணிக்கை மட்டும் போனது. நாக் குழுவும் அதை ஏற்றுக்கொண்டது. யாரும் செத்துப்போகவில்லை.

அதே சூட்டோடு அறையையும் மாற்றச் சொன்னேன். முதலில் முதல்வர் அலுவலகத்துக்கு எதிரே, கண்ணாடிக் கதவு போட்ட அறை கொடுத்திருந்தார்கள். அங்கே வந்து உட்காருகிறவனை அட்டெண்டர் முதல் கரஸ்பாண்டன்ட் வரை எல்லோரும் பார்க்கலாம். இப்போது நூலகத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கையில் நாலு தாளை வைத்துக்கொண்டு வந்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. மாறிய பிறகு பையன்கள் வருவது கூடியது. பெருமையாகத்தான் சொல்கிறேன், இந்த வேலையில் நான் செய்த உருப்படியான காரியம் அந்த இடமாற்றம்தான்.

எல்லா ரகசியமும் கடைசி வரைக்கும் ரகசியம்தான் என்று பொய் சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் வெளியே சொல்லியே ஆக வேண்டும். ஆனால் உங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பையன் (துறை, ஆண்டு எல்லாம் மாற்றியிருக்கிறேன், எழுதலாமா என்று அவனிடம் கேட்டும் இருக்கிறேன்). தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவன். பீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசு பார்த்துக்கொள்கிறது. பணக்கவலை இல்லை, ஆனால் வகுப்பில் ஆங்கிலத்தில் ஓடும் ஒன்றும் ஏறவில்லை. முதல் செமஸ்டர் முடிவு வந்ததிலிருந்து மெஸ்ஸுக்குப் போவதை நிறுத்தியிருந்தான். இருக்கவே வேண்டாம் போலிருக்கிறது என்று சொன்னான். இதை நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது, வீட்டில் யாரிடம் சொன்னால் தாங்குவார்கள், நீயே சொல்லு என்று கேட்டேன். அப்பா என்றுதான் நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து, "சித்தப்பா" என்றான். அவன் என் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, அவரிடம் பேசினேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.

இரண்டு பேரும் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே மனநலப் பிரிவு உண்டு, ஓ.பி. சீட்டு போட்டு வரிசையில் நிற்க வேண்டும், மாத்திரை இலவசம். ஒரு வாரம்கூட ஆகவில்லை, "ஒண்ணும் கேக்கல மேம்" என்று வந்து நின்றான். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள் வேலை செய்யவே இரண்டு மூன்று வாரம் ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும், இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது என்று மறுபடியும் விளக்கினேன். அதற்குள் அப்பத்தா மந்திரித்து ஒரு கயிறும் கட்டிவிட்டிருந்தார். கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் போடு என்றேன். பகுத்தறிவாளர்கள் என்னைத் திட்டலாம், பரவாயில்லை. அப்பத்தாவிடம் சண்டை போட்டு ஜெயித்து மாத்திரையை நிறுத்த வைப்பதைவிட இது மேல். இப்போது படிக்கிறான். அரியர் இன்னும் இருக்கிறது.

2025 ஜூலையில், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த மாணவி இறந்த வழக்கில், 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல விஷயம். ஆனால் சில இடங்களில் உதவிப் பேராசிரியர் ஒருவரின் கதவில் இன்னொரு பலகையை மாட்டியதோடு காரியம் முடிந்துவிட்டது. அவர் தங்கமானவராகவே இருக்கலாம். உங்களுக்கு இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் நீங்கள் எப்படி மனசு விட்டுப் பேசுவீர்கள்?

இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது: இந்தத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆடிட்டோரியத்தில் லைட்டை அணைத்து, சோக இசை போட்டு, உன் அம்மா பட்ட கஷ்டத்தை நினைத்துப் பார் என்று ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் அழவைத்துவிட்டு, என் மாதச் சம்பளத்தைவிட அதிகமாக ஒரு மணி நேரத்துக்கு வாங்கிக்கொண்டு காரில் ஏறிவிடுவார்கள். ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் செத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் மறுநாள் என்னிடம் வருவார்கள். நிர்வாகத்திடம் அந்த நிகழ்ச்சிக்குப் போட்டோ இருக்கும், வீடியோ இருக்கும். என் வேலைக்கு எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் இப்போதே ஓடிக்கொண்டிருந்தால் கவுன்சிலர் அறை திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். ரூம்மேட்டை எழுப்புங்கள், அல்லது 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று 2022இல் ஒன்றிய அரசு தொடங்கியது, இலவசம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. முன்பு ஏதாவது முயன்றிருந்து, சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்தால், அதே 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவைப் பாருங்கள். அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

அட்டெண்டன்ஸ் கவலையும் கண்டிப்பாக இருக்கும். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும், மருத்துவக் காரணம் இருந்தால் 65 வரை விட்டுக்கொடுக்கிறார்கள். தன்னாட்சிக் கல்லூரியானால் உங்கள் விதிப்புத்தகத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கும் அன்றே சான்றிதழ் கேட்டு வாங்கி வையுங்கள். செமஸ்டர் கடைசியில் போய் நின்றால் பழைய தேதிக்கு யாரும் எழுதித் தர மாட்டார்கள். வாங்கியதை வகுப்பில் எல்லோர் முன்னாலும் நீட்டாமல் முதல்வர் அலுவலகத்தில் நேராகக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.