நாலு லட்சத்தில் முதல் சினிமா கேமரா

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கு இடம் அதிகம் போய்விட்டது. இதே கேள்வியோடு பலர் என் கேமராக் கடைக்கே வருகிறார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

*

அண்ணே, வணக்கம். எனக்கு வயது 27. மதுரையில் ஒரு வீடியோகிராஃபரிடம் ஐந்து வருஷமாக உதவியாளராக இருக்கிறேன். தனியாகத் தொழில் தொடங்க ஆசை. கல்யாண வேலையோடு ஜவுளிக்கடை விளம்பரம், குறும்படம் எல்லாம் செய்ய வேண்டும். கையில் இரண்டரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தால் இன்னும் ஒன்றரை லட்சம் வரும். நான் பார்த்து வைத்திருக்கும் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் சினிமா கேமராவுக்கு, லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும் 3 லட்சத்து 40 ஆயிரம் சொல்கிறார்கள். மீதி 60 ஆயிரத்தில் ஒரு லென்ஸ். மற்றதை வேலை வர வரச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

— பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர், உசிலம்பட்டி

தம்பி, வேண்டாம். சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். கையில் இருக்கும் இரண்டரை லட்சத்திலேயே நீங்கள் தொழில் தொடங்க முடியும். அந்தக் கணக்கைக் கீழே போட்டிருக்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் நினைப்பது போலவே நானும் நினைத்து என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

2013-ல் என் முதல் டிஜிட்டல் சினிமா கேமராவை வாங்கினேன். அதில் வீட்டு நகையும் போனது. பாடியும் ஒரு லென்ஸும் வாங்கியதோடு பணம் தீர்ந்துவிட்டது. பதிவு செய்ய 240 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றே ஒன்று. அந்தக் கேமராவில் ரா, அதாவது சென்சார் தருவதை அப்படியே பதிவு செய்யும் முறையில் எடுத்தால் நிமிடத்துக்கு 7 ஜிபிக்கு மேல் விழுங்கும். அதாவது மொத்தமே 33 நிமிடம்.

அந்த வருஷம் சோழவந்தான் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவுக்குப் போனேன். எழுபதைத் தாண்டிய உறுமிக்காரர் ஒருவர், இரவு முழுக்க வாசிப்பார் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். சாமி இறங்குவதற்கான அடியை அவர் எடுத்தபோது எஸ்எஸ்டி நிறைந்திருந்தது. காலி செய்து கொட்ட இன்னொரு டிஸ்க் இல்லை. அதுவரை எடுத்த 33 நிமிடத்திலும் கேமரா மைக்கில் சத்தம் பிளந்து போயிருந்தது. அடுத்த வருஷத் திருவிழாவுக்கு அவர் உயிரோடு இல்லை. படம் அருமையாக வந்திருக்கிறது, வளைந்த குச்சி தோலில் தேயும் இடம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. அந்த அடி மட்டும் என்னிடம் இல்லை. இன்னொரு எஸ்எஸ்டியும் ஒரு சின்ன ரெக்கார்டரும் இருந்திருந்தால் இன்றைக்கு அது அவருடைய பேரப் பிள்ளைகளிடம் இருந்திருக்கும்.

அதனால்தான் பாடியில் இருந்து கணக்கைத் தொடங்காதீர்கள் என்கிறேன். ஒரு தாளில் உங்கள் வேலை நாள் ஒன்றை முதலில் இருந்து கடைசி வரை எழுதுங்கள். விடியற்காலை நாலரை மணி முகூர்த்தம், மண்டபத்தில் டியூப் லைட். பதினொரு மணிக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில் மாப்பிள்ளை, பெண்ணை வைத்து அவுட்டோர், தலைக்கு மேல் வெயில். மாலையில் வரவேற்பு, பின்னால் எல்இடி திரை, காதைப் பிளக்கும் ஸ்பீக்கர். ஒவ்வொரு மணிக்கும் எது இல்லையென்றால் வேலை நின்றுபோகும் என்று பக்கத்தில் குறியுங்கள். உங்கள் பட்ஜெட் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

சரி, இரண்டரை லட்சத்தை நான் பிரிக்கும் விதம் இது. பாடிக்கு 95 ஆயிரம். அதற்குள் நல்ல நிலையில் உள்ள பழைய பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே-யைத் தேடுங்கள். 2018-ல் 1,295 டாலருக்கு அறிவிக்கப்பட்ட கேமரா அது. 2007-ல் வந்த ரெட் ஒன் கேமராவின் பாடி 17,500 டாலர். பதினோரு வருஷத்தில் 4கே எடுக்கும் பாடியின் விலை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது பாருங்கள். தொழிலில் வேகமாக மதிப்பு இறங்கும் சாமான் பாடிதான். அதில்தான் நீங்கள் நாலு லட்சத்தில் 3 லட்சத்து 40 ஆயிரத்தைப் போடப் பார்க்கிறீர்கள்.

இந்தக் கேமராவின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆளைத் தொடர்ந்து போகும் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, பாடிக்குள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது, வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் கிடையாது. ஐந்து வருஷம் உதவியாளராக இருந்தவருக்குக் கையால் ஃபோகஸ் பிடிக்கத் தெரிந்திருக்கும், விளம்பரத்துக்கும் குறும்படத்துக்கும் அது பழக வேண்டிய கைதான். ஆனால் உங்கள் வேலையில் முக்கால் பங்கு கல்யாணம்தான், அதுவும் தனியாளாக என்றால் சோனி எஃப்எக்ஸ்30 போன்ற நல்ல ஆட்டோ ஃபோகஸ் உள்ள கேமராதான் பொருந்தும். அதற்குப் பணம் கூடுதலாகும். அப்படியானால் இன்னும் ஆறு மாதம் பொறுத்துச் சேர்த்து வாங்குங்கள். மற்ற பங்குகளைப் பிடுங்கிப் பாடியில் போடாதீர்கள்.

லென்ஸுக்கு 40 ஆயிரம். பாக்கெட் 4கே-யின் சென்சார் சின்னது. ஃபுல் ஃப்ரேமில் 95 மி.மீ. காட்டும் அகலத்தைத்தான் இதில் 50 மி.மீ. காட்டும், அதனால் அகலமான லென்ஸ் அவசியம். பழைய பானாசோனிக் 12-35 எஃப் 2.8 ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது, அதில் லென்ஸுக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது. மீதிப் பணத்தில் நிக்கானின் பழைய மேனுவல் 50 ஒன்றும் அதற்கான அடாப்டரும் வாங்குங்கள். முகம் எடுக்க அது போதும்.

ட்ரைபாடுக்கு 20 ஆயிரம். ஃபோட்டோ எடுக்கும் ட்ரைபாடில் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பிப் பான் செய்தால் படம் வெட்டி வெட்டித்தான் நகரும். வழுக்கிக்கொண்டு திரும்பும் ஃப்ளூயிட் ஹெட், அடியில் மட்டம் பார்க்க 75 மி.மீ. பௌல் உள்ளது வேண்டும். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. 2013-ல் நான் வாங்கிய பாடி என்றைக்கோ போய்விட்டது. அதற்கும் மூன்று வருஷம் முன்னால் வாங்கிய ட்ரைபாட் இன்றைக்கும் என் கடையில் இருந்து வேலைக்குப் போய் வருகிறது.

சத்தத்துக்கு 25 ஆயிரம். இதில் ஒரு ரூபாயும் குறைக்கக் கூடாது. தனி ரெக்கார்டர் ஒன்று, நேர் எதிரே வரும் சத்தத்தைப் பிடிக்கும் ஷாட்கன் மைக் ஒன்று, அதற்கு ரோம உறை, சட்டையில் குத்தும் மைக் ஒன்று. ஆனைமலை அடிவாரக் காற்றுக்கு ரோம உறை இல்லாமல் மைக்கை வெளியிலேயே எடுக்க முடியாது. மேளம், பறை, உறுமி எடுக்கப் போகும்போது ரெக்கார்டரில் சத்த அளவை மைனஸ் 12 டெசிபலுக்குக் கீழேயே வைத்துப் பழகுங்கள். மெதுவாகப் பதிவானதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், பிளந்து போனதை மீட்க வழியில்லை.

பதிவுக்கும் பாதுகாப்புக்கும் 25 ஆயிரம். பாக்கெட் 4கே-யில் 8:1 சுருக்கத்தில், நொடிக்கு 25 ஃப்ரேம் எடுத்தால் மணிக்குச் சுமார் 150 ஜிபி ஆகும். 1 டிபி எஸ்எஸ்டியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுக்கலாம். அது ஒன்று, அப்புறம் 2 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு. இரண்டிலும் நகல் எடுத்துச் சரிபார்க்கும் வரை எஸ்எஸ்டியை அழிக்காதீர்கள். ஒரு டிஸ்க் உங்களிடமும் இன்னொன்று வேறு வீட்டிலும் இருக்கட்டும். எஸ்எஸ்டியைக் கேமராவோடு இணைக்கும் யுஎஸ்பி கேபிளை இறுக்கிப் பிடிக்கச் சின்னக் கிளாம்ப் ஒன்று கட்டாயம். நெரிசலில் ஒரு முழங்கை பட்டால் போதும், பதிவு நின்றுவிடும்.

பேட்டரிக்கு 17 ஆயிரம். பாக்கெட் 4கே-யில் போடும் எல்பி-ஈ6 பேட்டரி 40 நிமிடம் வந்தாலே அதிகம். 98 வாட்-மணி வி-மவுண்ட், அதாவது வெளியே மாட்டும் பெரிய பேட்டரி ஒன்று நாலு மணி நேரத்துக்குப் பக்கம் தாங்கும். அதோடு எல்பி-ஈ6 நாலு கையில் இருந்தால் நாள் ஓடிவிடும்.

என்டி ஃபில்டருக்கு 8 ஆயிரம். இது ஆடம்பரம் என்று நினைக்கிறவர்கள் நம் ஊர் உச்சி வெயிலைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ 400, ஷட்டர் நொடியில் 50-ல் ஒன்று. இந்த நிலையில் லென்ஸ் துளையை எஃப் 4-ல் வைத்து எடுக்க வேண்டுமானால் ஏழு ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது. ஆறு ஸ்டாப் குறைக்கும் என்டி 1.8 ஒன்றும் மூன்று ஸ்டாப் குறைக்கும் 0.9 ஒன்றும் இருந்தால் ஒன்பது ஸ்டாப் வரை கைக்குள் வரும். அகச்சிவப்பையும் தடுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண என்டி-யை அழுத்தமாகப் போட்டால் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு செம்பழுப்பாகத் தெரியும். ஷட்டரை ஏன் 50-ல் ஒன்று என்றேன் என்றால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 ஃப்ரேமும் அந்த ஷட்டரும் சேர்ந்தால் மண்டபத்து டியூப் லைட் படத்தில் துடிக்காது.

மீதி 20 ஆயிரத்தைத் தொடாதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த மாதங்களிலும் பெட்ரோல், போன், வீட்டுச் செலவு எல்லாம் இருக்கும். புதிதாகத் தொழில் தொடங்கிய பிள்ளைகள் கேமராவைப் பாதி விலைக்கு விற்க என் கடைக்கு வருவது பெரும்பாலும் ஆடியில்தான். அப்படி ஒரு பையன் பையைத் திறந்து காட்டும்போது எனக்கு மனசு கேட்காது. உங்களை அப்படிப் பார்க்க வேண்டாம் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

லைட்டைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். இப்போதைக்கு வாடகை போதும். ஸ்டேஷனரி கடையில் நாலு தெர்மாகோல் ஷீட் வாங்குங்கள், ஒன்றின் பின்பக்கம் கறுப்புத் துணி ஒட்டுங்கள். வீட்டில் பழைய வெள்ளை வேட்டி ஒன்று கட்டாயம் இருக்கும். அதை ஜன்னலில் கட்டி, எதிரே தெர்மாகோலை நிறுத்தினால் முகத்தில் விழும் வெளிச்சத்தைப் பார்த்து நீங்களே சந்தோஷப்படுவீர்கள். ஜவுளிக்கடை விளம்பரம் கிடைத்தால் அந்த 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்க் கேமராவை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். வாடகையைக் கொட்டேஷனில் தனி வரியாகப் போடுங்கள், கொடுப்பார்கள். சென்னையில் இருந்து வரவழைத்தால், வந்து போகும் நாட்களுக்கும் வாடகை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். தினம் தொடுவதை வாங்குங்கள், மாதத்தில் இரண்டு நாள் தொடுவது வாடகையிலேயே இருக்கட்டும்.

*

கேமரா வாங்க வங்கிக் கடன் கிடைக்குமா? வாங்கலாமா?

— ஒரு வாசகர், திருமங்கலம்

கிடைக்கும். 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் அடமானம் இல்லாமல் சிஷு பிரிவில் 50 ஆயிரம் வரையும் கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும் கேட்கலாம். கடையில் இருந்து முறையான கொட்டேஷன் வாங்கிக்கொண்டு போங்கள். விலையைக் கேட்கும்போது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள். 2019 ஜனவரிக்கு முன் கேமராவுக்கு அது 28 சதவீதம், இப்போது அவ்வளவு இல்லை. ஆனாலும் ஒரு லட்சத்துக்கு 18 ஆயிரம் சின்னத் தொகை இல்லையே.

வாங்கலாமா என்றால், போன ஆடி மாதம் உங்களுக்கு என்ன வருமானம் வந்தது என்று பாருங்கள். அந்த வருமானத்தில் கட்ட முடிகிற தவணை என்றால் வாங்குங்கள். வைகாசி வருமானத்தை வைத்துத் தவணையை முடிவு செய்யாதீர்கள்.

*

பழைய கேமரா ஒன்று விலைக்கு வருகிறது. என்னென்ன சோதித்து வாங்க வேண்டும் அண்ணா?

— ஒரு வாசகி, மேலூர்

சகோதரி, பகலில், அவசரம் இல்லாத நேரத்தில் போய்ப் பாருங்கள். உங்கள் லென்ஸ், கார்டு, பேட்டரியைக் கையோடு கொண்டு போங்கள். முதலில் பில்லைக் கேளுங்கள். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் பாடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். பில் இல்லை என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

அடுத்து நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பதிவு செய்யுங்கள். கேமரா சூடாகி நின்றால் அப்போது தெரியும். எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி லேசாக அசைத்துப் பாருங்கள், மானிட்டரில் படம் விட்டு விட்டு வந்தால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது. லென்ஸ் மாட்டும் இடத்து ஸ்குருக்களில் கீறல் இருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிளாக்மேஜிக் கேமரா என்றால், கூடவே வந்த டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங் மென்பொருளின் கீ எங்கே என்றும் கேளுங்கள், அதுவும் சேர்த்துத்தான் விலை.

முக்கியமானது சென்சார். திருவிழா மேடையிலும் வரவேற்பிலும் இப்போது லேசர் லைட் போடுகிறார்கள். அந்தக் கதிர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சார் ஒரு நொடியில் கெட்டுவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓவை ஏற்றி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். பிறகு மூடியைக் கழற்றி, வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் ஒரு நிமிடம் எடுங்கள். இரண்டையும் கேமராவின் சின்னத் திரையில் பார்க்காமல் பெரிய மானிட்டரில் ஓட்டிப் பாருங்கள். குறுக்கிலோ நெடுக்கிலோ மெல்லிய கோடு ஒன்று அசையாமல் அதே இடத்தில் நின்றால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்தக் கேமரா வேண்டாம்.